ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் தானாக மாடி ஏறிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேனே, நாம் இரண்டு பேரும் மடத்தனமாகச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். நம் வளைவுப் படிக்கட்டில் இரும்புக் கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏறும்போது அது இடது பக்கம், இறங்கும்போது வலது பக்கம், அவருக்கு வராமல் போனது வலது கைதானே. ஏறிய மனிதர் பத்தொன்பது நாளாக மாடியிலேயே கிடந்தார். ஆள் வைத்துத் தூக்கி இறக்கலாம் என்றால் நான் என்ன பீரோவா என்று எரிந்து விழுந்தார். சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்றால், நூற்று நாற்பது வருஷத்து வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று நீயும் அவரும் அலைந்து வாங்கிய பலகை வாசலில் தொங்குகிறது. அதிகாரி வந்து பார்த்தார். ஒவ்வொரு படிக்கல்லும் ஒரு முனையைச் சுவருக்குள் விட்டு, கீழ்க்கல்லின் மேல் தாங்கி நிற்கிறதாம், அடியில் தூணே கிடையாதாம், சுவரைத் துளைக்க அனுமதி வர நாலு மாதம் ஆகுமாம். கட்டிய கப்பல் வியாபாரி கெட்டிக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று நானே தச்சரை வரச் சொல்லிவிட்டேன். அவர் துளை போடும் மிஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், அந்தச் சத்தம் மேலே கேட்டுவிட்டது. அவர் வண்டியிலிருந்த மரச்சட்டத்தை எடுக்க நான் வாசலுக்குப் போய்த் திரும்பினால் தச்சர் பேயறைந்தது போல நிற்கிறார். உன் அப்பா பின்பக்கமாக இறங்கி வருகிறார், முகம் மாடியைப் பார்த்து, இடது கை கைப்பிடியில், கால் படியைத் துழாவுகிறது. கூப்பிட்டால் திடுக்கிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு ஏறி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பாதி வழியில் கால் வழுக்கி மொத்தப் பாரமும் என் மேல் சாய்ந்தது, எப்படித் தாங்கினேனோ தெரியாது. கீழே வந்து மூச்சு வாங்கத் தச்சரிடம் அவர் சொன்னது, "என் சுவத்துல கை வைக்காதப்பா."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. கட்டிலைக் கீழே போட்டாயிற்று. ஆனால் வித்தை பிடிபட்டுவிட்டதாம், இனி ஏறி இறங்குவாராம். சுவர் போனால் சுவர் கட்டலாம், அவர் போனால் நான் என்ன செய்வேன். அதிகாரியிடம் நீ பேசு, அப்பாவிடமும் நீயே பேசு, நீ சொன்னால்தான் கேட்பார்.

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கண்டதும் போன் செய்ய மறக்காதே. அதுவரை முதல் படிக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், இதையும் அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் அம்மா