துவாய்க்குக் கீழே

இன்று காலை பல்கனியில் உடுப்புக் காயப்போட்டேன். கனடாவில், ஸ்காபரோவில் பதினோராம் மாடி. புறாக்களைத் தவிர யாரும் எட்டிப்பார்க்க முடியாது. ஆனாலும் உள்ளுடுப்புகளை விரித்ததும் என் கை தானாகவே ஒரு துவாயை எடுத்து அவற்றின்மேல் போட்டது. உடனே உன் நினைவு வந்துவிட்டது.

போர் முடிந்து அடைத்து வைத்த முகாமில் நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூடாரம். பவுசர் லொறியில் வரும் தண்ணீர் குடும்பத்துக்கு இரண்டு வாளி. சமைக்கவும் குடிக்கவுமே அது காணாது. மாதவிலக்குத் துணிகளைச் சேற்றுக் குட்டையில் அலசி, பாவாடைகளுக்குக் கீழே ஒளித்துக் காயவைப்போம். அவை எங்கே காய்ந்தன? ஈரத்தோடேயே எடுத்துக் கட்டினோம். ஒருநாள் நீ துணிந்து உன்னுடையதை வெளியே விரித்தாய்.

“வெயில் படட்டுமடி, ஈரத்தோட கட்டினா கடிக்குது.”

நான்தான் ஓடிவந்து துவாயால் மூடினேன். “ஆம்பிளையள் போய்வாற இடம். உனக்கு வெக்கமில்லையே?” என்று ஏசினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

நீ கலியாணம் முடித்து எனக்குப் பின்னால் இங்கே வந்த முதல் வருடம், வோபர்ன் பகுதியில் ஒரு டொக்டரிடம் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனாய்.

“சலம் போகேக்க எரியுது, வெள்ளைபடுது, அடிவயிறு குத்துது. முகாமில இருந்தே இருக்கெண்டு சொல்லு.”

டொக்டர் ஆண். எனக்கு நாக்கு எழவில்லை. வயிற்றுவலி என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வாய்வுக்குக் குளிசை எழுதித் தந்தார். நீ என்னை நம்பி, ஒரு வேளை தவறாமல் விழுங்கினாய்.

நாலு வருடம் கழித்து, பிள்ளை உண்டாகாத காரணத்தைத் தேடியபோதுதான் சினைக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருப்பது தெரிந்தது. பழைய கிருமித் தொற்றாம். “ஏன் முந்தியே ஒருவரிடமும் சொல்லவில்லை?” என்று சோதித்த பெண் டொக்டர் கேட்டார். அன்றும் உன்னோடு வந்திருந்த நான் அந்தக் கேள்வியை உனக்கு மொழிபெயர்க்கவில்லை.

போன மாரியில் மாரடைப்பில் போய்விட்டாய். உன் சவப்பெட்டியில் பூ வைத்துவிட்டு வந்த என் மகள் கேட்டாள்: “அம்மா, அன்ரிக்கு ஏன் கிட்ஸ் இல்லை?”

“கடவுள் குடுக்கேல்லை,” என்றேன். என் பிழையைக் கடவுளின் தலையில் போட்டேன்.

துவாயை இப்போது எடுத்துவிட்டேன். எல்லாம் வெயிலில் கிடக்கின்றன. பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவளை இருத்தி, அந்தப் பெண் டொக்டர் கேட்டதையும் நீ சொல்லச்சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொல்லப்போகிறேன். நீ இருக்கும்போது உனக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லையடி.