தூளிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல்

அண்ணி,

இன்று விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது பாதி என் கையில் வழிந்தது. பித்தளைக் குழலில் விரிசல். சேலத்து வக்கீல் உங்கள் காதுக்கென்று தர்மம் செய்த குழல், இத்தனை வருஷம் எண்ணெய் ஊற்றத்தான் லாயக்காக இருந்தது. இனி அதற்கும் இல்லை.

ராசிபுரத்தில் எங்கள் தறி வீட்டுக்கு மருமகளாக வந்த மறுவருஷமே விஷக்காய்ச்சலில் உங்கள் காது இரண்டும் அடியோடு போயின. எங்கள் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டீர்கள். பையன் பிறந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "அழுதாக் கேக்காதவகிட்டப் பச்சப்புள்ளைய எப்புடி உடறது? சேந்தமங்கலத்துல பெரியவ ஊட்டுல வளரட்டும்." பெரியவள் என் அக்கா. அண்ணன் குனிந்து தறியை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அப்போதுதான் வக்கீலின் தர்ம சபை ஊரில் மேடை போட்டது. யாருக்கு எவ்வளவு கேட்கும் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. செவிடு என்றால் காதில் வைத்துக் கேட்கும் சீமைக் குழல், நொண்டி என்றால் ஊன்றுகட்டை. ஆள் குட்டையா நெட்டையா என்றுகூடப் பார்க்கவில்லை. கழுத்தில் மாலையோடு வக்கீல் குழலை உங்கள் காதில் செருகி, "கேட்கிறதா அம்மா?" என்று கத்தினார்.

"கேக்குதுங்க" என்று தலையாட்டினீர்கள். கைதட்டல், போட்டோ. வீட்டுக்கு வந்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன். "பாவம் கண்ணு, அத்தன பேரு முன்னால கத்துறாரு. இல்லீன்னா மொகம் சுருங்கிப் போயிருமில்ல?"

எனக்கு அந்த ஆள்மேல் பாவம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

பொய்யை அம்மா நம்பிவிட்டாள். மறுநாள் பிள்ளையை உங்களிடம் விட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், அவன் தூளியில் அழுதழுது தொண்டை கட்டிக் கிடக்கிறான். நீங்கள் முதுகைக் காட்டி ராட்டையில் தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், குழல் மடியில். வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்துக்கு வண்டி என்று முடிவாயிற்று.

நீங்கள் சாப்பிடவில்லை. தறிப் பாவில் அறுந்த நூல்களைப் பொறுக்கித் தொடையில் வைத்துத் திரித்தீர்கள். ஒரு நுனியைத் தூளியில் கட்டி, மறு நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு ராட்டை முன் உட்கார்ந்தீர்கள். பிள்ளை உதைத்தால் விரல் இழுபடும். அம்மா நம்புவாளா? வெள்ளிக்கிழமை காலை வண்டி வாசலில் நிற்க, பூனை மாதிரிப் போய்ப் பிள்ளையைக் கிள்ளினாள். அவன் வீறிடுவதற்குள் நீங்கள் எழுந்து வந்துவிட்டீர்கள்.

"ஏனுங்கத்தை, எதுக்குங்க கிள்ளறீங்க?"

வண்டி திரும்பிப் போயிற்று. திரித்துக் கட்ட அம்மாவே நல்ல நூலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் வக்கீல் வந்து குழலைத் தேடினார். அது எண்ணெய்ப் புட்டியின் வாயில் நின்றது. நூலைக் காட்டினேன். "மாட்டைக் கட்டுவது போல இதென்ன? இந்த ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான்" என்று மேல்துண்டை உதறிக்கொண்டு போனார். போனால் போகட்டும். போட்டோவில் நீங்கள் தலையாட்டுவதே அவருக்குப் போதும்.

போன மாசம் நீங்கள் கண்ணை மூடியபோது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கிழித்தார்கள். நான் விடவில்லை. அந்தத் தூளி நூலால்தான் கட்டினேன். உங்களைவிட உயரமாகிவிட்ட பையன், தொங்கிய நுனியைப் பிடித்து ஒரு தரம் இழுத்தான். முதல் தடவையாக நீங்கள் எழுந்து வரவில்லை.

மிச்ச நூலை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் யாருக்கும் தர்மம் செய்ய மாட்டேன்.