அன்று தலையாட்டியது

அன்பு மகளுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ போனை எடுக்காததும் நல்லதுதான். இதை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உன் நீச்சல் கண்ணாடியை இங்கேயே விட்டுவிட்டாய். துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகவில்லை.

உன் சிறுநீரில் ஊக்கமருந்து இருந்ததாகச் சோதனைத் தாள் வந்த அன்று, "கோச்தாம்பா எதையோ கலந்து குடுத்துட்டாரு" என்று அழுதாய். நான் தலையாட்டினேன்.

போட்டிக்கு முந்தின வாரம் உன் புரதப்பொடி டப்பாவில் இரண்டு கரண்டிதான் மிச்சம். சோதித்து முத்திரை வைத்த பொடி அது, வேறெதுவும் கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். பிள்ளை தெம்பில்லாமல் நீந்துமே என்று, உன் அண்ணன் ஜிம்முக்கு வாங்கிய பொடியை அதில் கொட்டிக் குலுக்கி வைத்தேன். இரண்டும் ஒரே வெள்ளை. அவன் பொடியில் என்னென்ன இருக்கிறதோ, அதைத் தயாரித்தவனுக்கே வெளிச்சம்.

கோச் மேல் எழுதிய புகாரைக் கொடுத்துவிடாதே. உன் மேல் நடக்கும் விசாரணைக்கு அந்த டப்பாவோடு நானே வருகிறேன். உள்ளே என்னோடு பேச வேண்டாம். யார் கலந்தது என்று கேட்டால், என்னைக் கைகாட்டு, போதும்.

உன் அப்பா