நீளமான ராடு

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் ரேஸ் காரின் எஞ்சினுக்கு, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு எந்த நீளத்தில் போடுவது என்று பட்டறையில் இன்றும் பேச்சு. கூட்டாளி ரங்கசாமி, "இருக்கற ராடே போதுமுங்க மச்சான், ஞாயித்துக்கெழமை ரேஸ்ல ஓட்டிப்போடலாம்" என்றார்.

புனேயில் வேலை செய்யும் மகன் நீளமான ராடு போடச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தான். முதியோர் வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, இந்த முறை அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். எவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த ராடு போட்டால் பழைய பிஸ்டன், எஞ்சின் பிளாக்கைத் தாண்டி மேலே எட்டிப் பார்க்கும். குட்டையான பிஸ்டன் வேண்டும். அது புனேயில்தான் கிடைக்கும், அவன்தான் வாங்க வேண்டும். அவன் ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது.

"இந்த ரேஸ் போனாப் போகுது, நீள ராடே போடலாமுங்க" என்றேன்.

"வண்டி வேகமாப் போகோணுமா, பையன் வரோணுமா?" என்று ரங்கசாமி சிரித்தார்.

மகனுக்குப் பதிலை நானே எழுதினேன். அரை மணி நேரம் பிடித்தது.

"கண்ணு, பிஸ்டனைக் கூரியரில் போடாதே. கையில் கொண்டு வா."