ஆட்காட்டி முட்டையும் டிராக்டர் தடமும்

அன்பு மகள் முத்துசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, ஆடுகள் எல்லாரும் சுகம். புனேயில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாயிருக்கக் கழுகாசலமூர்த்தி துணையிருக்கட்டும். போனில் சொன்னால் ‘விடும்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. நம் கண்மாய்க் காட்டில் பறவை பார்க்கப் பாதை போட்டுக் கோவில்பட்டிப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள் அல்லவா, போன சித்திரையில் அந்தப் பாதையோரம் ஆட்காட்டிக் குருவி முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. மேலத்தெரு நந்தகோபால், ‘தங்கப்பாண்டி ஆடுதான் மிதிச்சது, என் கண்ணால பாத்தேன்’ என்று கண்மாய்க் குழுவிடம் சொல்லிவிட்டான். அத்தனை பேர் முன்னால் உன் அப்பா கைகட்டி நின்றார். அன்றோடு கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டார். ஆடு அதை மிதிக்குமா? வெறுந்தரையில் முட்டையிட்டாலும் ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாயும், ஆடு மிரண்டு ஒதுங்கிவிடும். ஏறியது கரம்பை மண் அள்ளப் போன அவன் டிராக்டர். தடத்தைக் காட்டிச் சொன்னேன், பொம்பளை பேச்சு எடுபடவில்லை.

இந்த வருஷம் கூடு இருக்கும் இடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று குழுக்காரர்களே என்னைத் தேடி வந்தார்கள். அப்பா வேண்டாமென்றார், நான் போனேன், எதற்கென்று எனக்குத்தானே தெரியும். பிள்ளைகளுக்கு நாரை, கொக்கு எல்லாம் காட்டிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தி, பொய் சொன்னது யார், அவன் வீடு எது என்றும் சொல்வேன். பிள்ளைகள் திரும்பும்போது அவன் வாசலில் நின்று, ‘தாத்தா, முட்டைய நசுக்குனது நீங்கதானா?’ என்று கேட்குமாம். அவன் பெண்டாட்டி வந்து, ‘பேரை மட்டும் சொல்லாதிய மதினி’ என்று அழுதாள். ‘அவிய அங்கன வந்து நின்னு சொல்லட்டும்’ என்றுவிட்டேன். புதன்கிழமை வந்தான். நாற்பது பிள்ளைகள், குழுக்காரர்கள், உன் அப்பா எல்லார் முன்னாலும் தரையைப் பார்த்துக்கொண்டு, ‘டிராக்டர்தான் ஏறுச்சு, ஆடு இல்ல’ என்றான். ‘பின்னால நிக்குத பிள்ளையளுக்குக் கேக்கலையாம் அண்ணாச்சி, இன்னொரு தடவ சொல்லுங்க’ என்றேன். சொன்னான். அடியாத்தீ, எனக்கு எவ்வளவு ஆனந்தம்! சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன், எறும்பு ஏறாமல் வை. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடு. நூறு வயசுக்கு நன்றாயிருங்கள். ஒன்று மறந்துவிடாதே, நந்தகோபால் உனக்குப் போன் பண்ணுவான், ‘அதான் ஒத்துக்கிட்டேனே, அம்மாவ நிப்பாட்டச் சொல்லு தாயி’ என்பான். எடுக்காதே. உன் அப்பா ஒரு வருஷம் வீட்டுக்குள் கிடந்தார், நானும் ஒரு வருஷம் சொல்வேன். திங்கட்கிழமை மூன்று பள்ளிக்கூடம் வருகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
த. வெயிலுகந்தம்மாள்