கையெழுத்து இல்லாத கடிதத்துக்கு மறுமொழி

குத்துக்கல்வலசை, தென்காசி.
ஜூன் 21.

அல்மாத்தியில் படிக்கிற ஜெஸிக்கு ஜெயபிரியா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற தெம்பு உனக்கு வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் பார்க்கவே இல்லை என்று சாதிப்பாய். அதனால்தான் தபால்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர். போன வருஷம் இதே சீசனில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பழக்கடை ஓரமாக நின்று ரம்புட்டான் உரித்துத் தின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் உங்கள் அண்ணன் ஜோயலை எனக்குப் பிடிக்கும் என்று உன்னிடம் சொன்னேன். ஜோயலுக்கே தெரியாது. உலகத்தில் உன் ஒருத்தி காதில் மட்டும்தான் போட்டேன்.

கஜகஸ்தானுக்கு மாணவர் பரிமாற்றத்தில் நம் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். தேர்வில் நான் முதல், நீ இரண்டாவது. மூன்று மாதம் யூடியூப் பார்த்து ரஷ்ய எழுத்துப் படித்தேன். அல்மாத்தி மலையில் விளைகிற காட்டு ஆப்பிளைப் பற்றி ஆய்வுத் திட்டம் எழுதினேன். அப்பா படிவத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி. அந்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒனக்கு யார்கூடயாவது பழக்கம் உண்டுமா?" என்று கேட்டார். குற்றாலநாதர் மேல் சத்தியமாக இல்லை என்றேன். அது உண்மை. அவர் படிவத்தைக் கிழித்துப் போட்டார். காரணம் சொல்லவில்லை. மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகையை நம்பி, அங்கே குளிருமே என்று எனக்கு வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரையும் உனக்குக் கொடுத்தனுப்பினேன். என்னைப் போல ஒரு கோட்டிக்காரி உண்டா?

ஜனவரியில் அப்பாவின் ஆதார் அட்டையைத் தேடும்போது பீரோவில் அந்த மொட்டைக்கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் படிக்கப் போகவில்லை, ஜோயலோடு ஓடிப்போகத்தான் திட்டம் என்று நாலே வரி. பேர் இல்லை, ஊர் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அன்றைக்கு இன்ஸ்டாகிராமில் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். உன் வாயில் மண் விழ என்று சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது.

அழுது முடித்துவிட்டு நேரே ஜோயலின் மருந்துக்கடைக்குப் போய், கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "இது நெசமா?" என்று கேட்டார். பாதி நிஜம் என்றேன். மனுஷர் பில் போடவே மறந்துபோனார். நீ பொய்யாக எழுதியதை மெய்யாக்கிக் காட்டுவது என்று நான் முடிவு செய்தது அங்கேதான். பழிக்காகவா, பிரியத்துக்காகவா என்று கேட்டால், முதல் மாதம் பழிதான் கூடுதல். இப்போது சரிபாதி.

இன்று காலையில் தென்காசியில் பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்தோம். நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாமாம், ஆனால் பேரும் கையெழுத்தும் இருக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு ஆட்சேபணை இருந்தால் தாராளமாக எழுது. ஜோயல் உனக்கு நேரில் சொல்ல ஆசைப்பட்டார். நானே எழுதுகிறேன் என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். உங்கள் அம்மா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. இப்போது உன் அறைக்கு வெள்ளையடித்து எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். மொட்டைக்கடிதம் எழுதியது யாரென்று அவர்கள் இரண்டு பேருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. என்னை மதினி என்று கூப்பிட இப்போதே பழகிக்கொள்.

அப்பா விஷயத்தில்தான் தோற்றுப்போனேன். கல்யாணப் பேச்சை எடுத்ததும், "அன்னைக்கே அந்த லெட்டர்ல இருந்திச்சு. சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே, ஏட்டி" என்றார். அதற்குப் பிறகு என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அல்மாத்தி போனால் போகட்டும், இதை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டார். எழுதியவளே சொன்னால்தான் நம்புவார்.

ஜூலை பதினெட்டாம் தேதி நீ திருவனந்தபுரத்தில் இறங்குகிறாய். ஜோயல் கார் ஓட்டுவார், நான் முன் ஸீட்டில், நீ பின்னால். அந்த மொட்டைக்கடிதம் வந்தபோது ஜெயபிரியாவுக்கும் ஜோயலுக்கும் ஒன்றுமே இல்லை, பொறாமையில் நான்தான் அதை எழுதினேன் என்று என் அப்பா குற்றாலிங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கீழே உன் பேரைப் போட்டுக் கையோடு கொண்டு வா. கொண்டு வந்தால் விஷயம் அப்பா, நான், நீ என்று மூன்று பேரோடு போகும். வெறுங்கையோடு வந்தால், புளியறை செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது ஜோயலிடம் உன் பேரைச் சொல்லிவிடுவேன்.

கர்த்தர் உனக்கு வழித்துணையாக வரட்டும். ஸ்வெட்டரைத் துவைத்துக் கொண்டு வா. ஆனால் ஒன்று, ஜெஸி. அப்பா என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் அந்தப் பதிவு அலுவலகத்தின் படியை நான் மறுபடி மிதிக்க மாட்டேன். சீக்கிரம் எழுது.

பேரும் ஊரும் போட்டு எழுதும்,
கு. ஜெயபிரியா,
த/பெ. குற்றாலிங்கம்,
குத்துக்கல்வலசை.