சூம்பிய மணிகளையும் சேர்த்து அனுப்பு

என் செல்லக் கழுதைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது, அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் உன் அப்பா என் ஆராய்ச்சியில் கை வைத்த கதையைக் கேள்.

கோதுமை மணியைப் பருக்க விடாமல் இழுத்துப் பிடிக்கிற மரபணு ஒன்று உண்டு என்று முன்பே சொன்னேன், நீ கொட்டாவி விட்டாய். கோதுமையில் அது மூன்று பிரதியாக இருக்கும், ஒன்றை அடக்கினால் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும், உன்னை ஊர்சுற்ற விடாமல் நானும் அப்பாவும் அத்தையும் முறைபோட்டுப் பிடித்த மாதிரி. மூன்றும் அடங்கும்படி செடிகளைக் கலந்து கலந்து ஒரு புது ரகம் எடுத்திருக்கிறேன். இந்த அறுவடையில் ஆயிரம் மணியின் எடை கூடவில்லை என்றால் வயலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆய்வக இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள், மாதிரிப் பைகளை வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். திரும்பக் கொண்டுபோய் நிறுத்தால் எடை எகிறுகிறது! இயக்குநர் வராந்தாவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்கிறார். எனக்கு மட்டும் உறுத்தல், எந்தப் பையிலும் கொஞ்சமாவது சூம்பிய மணி இருக்கும், என் புது ரகத்தில் ஒன்றுகூட இல்லை. வீட்டில் வந்து கேட்டால் உன் அப்பா, மேலாக இருந்த பையை மட்டும் தட்டுல கொட்டி சுத்தம் பண்ணேன், சூம்பலையெல்லாம் குருவிக்குப் போட்டுட்டேன், ஒரு நன்றிகூட சொல்ல மாட்டேங்கிறியே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் இயக்குநரிடம் போட்டு உடைத்தேன். வயல் மூட்டையிலிருந்து புதிதாக அள்ளி அவர் கண்ணெதிரே நிறுத்தோம். எடை இறங்கத்தான் இறங்கியது, ஆனாலும் பழைய ரகத்தைவிடக் கூடுதல். வயல் என்னிடமே இருக்கிறது. உங்க வீட்டுக்காரரை இந்தக் கேட் பக்கம் விட்டுடாதீங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார் மனிதர்.

இப்போது உன் கடிதம். வேலை அருமை, அறை அருமை, மேலதிகாரி தங்கம், தூக்கம் அமோகம். ஒரு சூம்பிய மணிகூட இல்லையேடி, அப்பா பெண் என்று காட்டிவிட்டாய். ஆனால் போனில் உன் குரல் கம்மிக் கிடந்ததே, அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. எடை இறங்கினாலும் பரவாயில்லை, நான் தாங்குவேன், பொறுக்கி எடுக்காமல் அள்ளி அப்படியே எழுது.

நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் நிறைவாக இரு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. அப்பாவும் ஆசி சொல்கிறார். பதிலை ஆய்வக முகவரிக்கே போடு, வீட்டுக்கு வந்தால் அவர் முதலில் பிரித்துச் சுத்தம் பண்ணிவிடுவார்.

உன் அம்மா